கூடைப்பந்து வீராங்கனை அனிதா

அணுசக்தி நகரில் மாலை நேரம். கட்டடங்களுக்கு நடுவே பிள்ளைகள் விளையாடுகிறார்கள். பத்து வயது வரை ஆணும் பெண்ணும் சேர்ந்தே ஓடுகிறார்கள். பெண் பிள்ளை பெரியவள் ஆனதும் என்ன நடக்கிறது? அவள் மைதானத்துக்கு வருவது நின்றுவிடுகிறது. தம்பி பந்தை எடுத்துக்கொண்டு வெளியே போகிறான். அக்கா அடுப்படிக்குப் போகிறாள்.

"பொம்பளைப் பிள்ளைக்கு விளையாட்டு எதற்கு?" என்று பலர் கேட்கிறார்கள். சென்னையில் பிறந்த ஒரு பெண்ணின் வாழ்க்கை இந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது. அவர் பெயர் அனிதா பால்துரை.

கூடைப்பந்து என்றால் என்ன?

அனிதா ஆடியது கூடைப்பந்து. இது அமெரிக்காவில் 1891ஆம் ஆண்டு தோன்றியது. ஜேம்ஸ் நைஸ்மித் என்ற ஆசிரியர் இதைக் கண்டுபிடித்தார். அது கடும் குளிர்காலம். மாணவர்கள் வெளியே போய் விளையாட முடியவில்லை. அதனால் கூடத்துக்குள்ளேயே ஆட ஒரு விளையாட்டு தேவைப்பட்டது. பழம் வைக்கும் இரண்டு கூடைகளை அவர் உயரத்தில் மாட்டினார். அந்தக் கூடைகளில் பந்தைப் போட வேண்டும். கூடைக்கு அடிப்பாகம் இருந்தது. எனவே பந்து உள்ளேயே தங்கிவிடும். ஒவ்வொரு முறையும் ஏணியில் ஏறித்தான் பந்தை எடுத்தார்கள்!

இப்போது கூடைக்குப் பதில் இரும்பு வளையம் இருக்கிறது. அதில் வலை தொங்குகிறது. வளையம் தரையிலிருந்து 10 அடி உயரத்தில் இருக்கும். ஒரு அணியில் 5 பேர் ஆடுவார்கள். பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடக்கூடாது. தரையில் தட்டிக்கொண்டே ஓட வேண்டும். கிட்டத்திலிருந்து போட்டால் 2 புள்ளி. தூரத்திலிருந்து போட்டால் 3 புள்ளி. பத்துப் பத்து நிமிடமாக நான்கு பகுதி ஆட்டம் நடக்கும்.

இந்த விளையாட்டைப் பெண்களும் வெகு சீக்கிரமே ஆடத் தொடங்கினார்கள். 1892ஆம் ஆண்டே அமெரிக்காவில் ஒரு பெண்கள் கல்லூரியில் ஆடினார்கள். ஆனால் ஒலிம்பிக் போட்டியில் பெண்கள் கூடைப்பந்து 1976ஆம் ஆண்டுதான் சேர்க்கப்பட்டது. ஆண்கள் 1936ஆம் ஆண்டு முதலே அங்கே ஆடினார்கள். பெண்கள் 40 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

சிறுமி கேப்டன் ஆனார்

அனிதா 1985ஆம் ஆண்டு பிறந்தார். 11 வயதில் கூடைப்பந்து ஆடத் தொடங்கினார். பெரியவள் ஆகிவிட்டோம் என்று அவர் மைதானத்தை விட்டு விலகவில்லை. பயிற்சியையும் நிறுத்தவில்லை. இருபது வயதை எட்டும் முன்பே இந்திய அணியில் இடம் பிடித்தார். 19 வயதில் இந்தியப் பெண்கள் அணிக்குக் கேப்டன் ஆனார். தன்னை விட வயதில் மூத்தவர்களையும் அவர் வழிநடத்தினார்.

ஏறக்குறைய 18 ஆண்டுகள் அவர் நாட்டுக்காக ஆடினார். ஆசியக் கண்டத்தின் கூடைப்பந்துப் போட்டிகளில் 9 முறை கலந்துகொண்டார். தேசியப் போட்டிகளில் 30 பதக்கங்கள் வென்றார்.

விளையாட்டு வேலையும் தந்தது

அனிதாவுக்குத் தென்னக ரயில்வேயில் வேலை கிடைத்தது. ரயில்வேயில் விளையாட்டு வீரர்களுக்கு என்று தனி ஒதுக்கீடு உண்டு. மும்பையில் உள்ள மத்திய ரயில்வேயிலும் மேற்கு ரயில்வேயிலும் இந்த ஒதுக்கீடு இருக்கிறது. படிப்பும் வேண்டும். விளையாட்டில் சாதித்த சான்றிதழும் வேண்டும். இடங்கள் குறைவு. விளையாடும் எல்லோருக்கும் வேலை கிடைத்துவிடாது. ஆனாலும் மாதச் சம்பளத்துக்கு இதுவும் ஒரு வழி. இப்படி ஒரு வழி இருப்பது நம்மில் பல பெற்றோருக்குத் தெரிவதில்லை.

குழந்தை பிறந்த பிறகு

அனிதாவுக்குத் திருமணம் ஆனது. குழந்தை பிறந்தது. "இனி அவ்வளவுதான்" என்று பலர் நினைத்திருப்பார்கள். பிள்ளை பெற்ற உடம்பு பழைய பலம் பெற நாள் ஆகும். கூடைப்பந்திலோ ஓட வேண்டும், தாவ வேண்டும், சட்டென்று திரும்ப வேண்டும். அனிதா மீண்டும் பயிற்சி செய்தார். மீண்டும் இந்திய அணிக்குள் வந்தார்.

2017ஆம் ஆண்டு ஜூலை மாதம் பெங்களூரில் ஆசியக் கோப்பைப் போட்டி நடந்தது. அதில் இந்தியா இரண்டாம் பிரிவில் ஆடியது. அந்தப் பிரிவில் ஜெயிக்கும் அணிதான் முதல் பிரிவுக்குப் போக முடியும். கடைசி ஆட்டத்தில் கஜகஸ்தான் அணி எதிரே நின்றது. ஆட்டம் முடிந்தபோது இந்தியா 75 புள்ளி, கஜகஸ்தான் 73 புள்ளி. ஒரே ஒரு கூடைதான் வித்தியாசம்! இந்தியா ஜெயித்தது. முதல் பிரிவுக்கு உயர்ந்தது. வெற்றி பெற்ற அந்த அணியில் தாயான அனிதாவும் இருந்தார்.

2021ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது கொடுத்தது. அந்த ஆண்டு நவம்பர் மாதம் டெல்லியில் குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் கையால் அதைப் பெற்றார்.

நாம் யோசிப்போம்

விளையாடும் பெண்கள் எல்லோரும் பத்மஸ்ரீ வாங்க முடியாது. அது தேவையும் இல்லை. விளையாடினால் உடம்பு உறுதியாகும். பயம் போகும். நாலு பேரோடு சேர்ந்து நிற்கப் பழகலாம். தோற்றால் மறுநாள் எழுந்து வரவும் பழகலாம்.

அனிதாவுக்கு 11 வயதில் ஒரு பந்து கிடைத்தது. ஆட ஓர் இடமும் கிடைத்தது. நம் ஊரிலும் கூடைப்பந்து ஆட இடம் உண்டு. மாட்டுங்காவில் இந்தியன் ஜிம்கானா இருக்கிறது. பல பள்ளிகளிலும் வளையம் மாட்டிய கம்பங்கள் நிற்கின்றன.

உங்கள் வீட்டில் 11 வயதுப் பெண் பிள்ளை இருக்கிறாளா? இன்று மாலை ஒரு மணி நேரம் அவள் எங்கே இருப்பாள்? அடுப்படியிலா, மைதானத்திலா?

அவளோடு உட்கார்ந்து இதைப் படியுங்கள். அவளுக்கு என்ன ஆசை என்று கேளுங்கள்.