ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஒரு ஜாவா கிளாஸ்!

‘பப்ளிக் ஸ்டேடிக் வாய்ட் மெயின்...’ நடுராத்திரி எழுப்பிக் கேட்டாலும் நம்ம செகண்ட் இயர் மக்கள் இதைத் தப்பில்லாம ஒப்பிப்பாங்க. ‘சரிப்பா, அதுல ஸ்டேடிக் எதுக்கு?’ன்னு வைவாவில் எக்ஸ்டர்னல் ஒரே ஒரு கேள்வி போட்டா... ஏசி ஓடுற சத்தம் மட்டும்தான் கேட்கும்!

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷன்படி, கம்ப்யூட்டர் சயின்ஸ்காரர்களுக்கு மூணாவது செமஸ்டரிலேயே ஜாவா வந்துடுது. முதல் நாளே இந்த வரியை போர்டில் எழுதி, ‘இப்போ அப்படியே எழுதிக்கோங்க, அர்த்தம் அப்புறம் சொல்றேன்’ என்பார்கள். அந்த ‘அப்புறம்’ பல பேருக்கு வருவதே இல்லை. தமிழ் மீடியத்திலிருந்து வந்தவங்க ‘நமக்கு இங்கிலீஷ் வராது, அதான் புரியலை’ன்னு ஒதுங்கிடறாங்க. இங்கிலீஷ் மேல பழி போடாதீங்க பாஸ். இது மொத்தமே ஏழெட்டு வார்த்தை சமாச்சாரம்!

வாங்க, சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் போற ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஏறுவோம்.

நம்ம பக்கத்துக் கரூரில் பஸ்ஸுக்கு பாடி கட்டுறாங்க இல்லையா? அங்கே இருக்கிற வரைபடம்தான் ‘கிளாஸ்’. படத்தில் ஏறி சத்திரம் வரைக்கும்கூட போக முடியாது. அதை வச்சுக் கட்டி, நம்பர் பிளேட் மாட்டி வெளியே வர்ற ஒவ்வொரு வண்டியும் ஒரு ‘ஆப்ஜெக்ட்’. கட்டச் சொல்லி ஆர்டர் கொடுக்கிற வார்த்தை ‘நியூ’. வண்டி பேர், ஒரு புள்ளி, அப்புறம் செய்ய வேண்டிய வேலை. ‘பஸ்1.ஹாரன்அடி();’ என்றால் அந்த ஒரு வண்டி மட்டும் ஹாரன் அடிக்கும். கடைசியில் அரைப்புள்ளி முக்கியம், மறந்தா கம்பைலர் விடாது!

கண்டக்டரிடம் 20 ரூபாய் நீட்டினால் மீதிச் சில்லறை திரும்பி வரும் (வந்தால்!). திரும்பி வருவது முழு எண் என்றால் அந்த மெத்தடுக்கு முன்னால் ‘இன்ட்’ போடணும். ஹாரன் அடிச்சா சத்தம்தான், கைக்கு எதுவும் திரும்பி வராது. அதான் ‘வாய்ட்’.

கண்டக்டர் பையில் நாம கை விட முடியுமா? அது ‘பிரைவேட்’. டிக்கெட் வேணும்னா அவர்கிட்ட கேட்கணும். அந்தக் கேட்கிற வழிதான் ‘பப்ளிக்’. இதில் என்ன லாபம்? 2021 மே மாதம் தமிழக அரசு சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பயணம் கொண்டுவந்தது. நம்ம புரோகிராமில் அதைச் சேர்க்க, டிக்கெட் கொடுக்கிற மெத்தடுக்குள் ஒரே ஒரு ‘இஃப்’ போதும். மற்ற வரிகளைத் தொடவே வேண்டாம். ‘என்கேப்சுலேஷன்’னு அஞ்சு மார்க்குக்கு உருப்போடுறது இதைத்தான்.

இப்போ அந்த ‘ஸ்டேடிக்’. புரோகிராம் ஆரம்பிக்கும்போது ஒரு பஸ்கூட கட்டப்படலை. இல்லாத பஸ்ஸின் ஹாரனை யார் அடிக்க முடியும்? எந்த வண்டியையும் நம்பாமல், கிளாஸுக்கே சொந்தமாக இருக்கிற மெத்தட் ஒண்ணு வேணும். டெப்போவில் முதல் வண்டி கிளம்பும் முன்பே திறந்திருக்கிற டைம் கீப்பர் ரூம் மாதிரி! வெளியிலிருந்து ஜாவா அதைக் கூப்பிடணும், அதனால் பப்ளிக். திருப்பித் தர ஒண்ணுமில்லை, அதனால் வாய்ட். பேர் மெயின். பிராக்கெட்டுக்குள் இருக்கிற ‘ஸ்ட்ரிங்’ வரிசை, ஓட்டும்போது நாம வெளியிலிருந்து கொடுக்கிற வார்த்தைகளை வாங்கிக்க. முடிஞ்சது!

ஸ்ரீரங்கம் வந்தாச்சு, இறங்குங்க. கோயிலுக்கு ஏழு பிரகாரம். எத்தனை வாசல் தாண்டி உள்ளே போனோமோ, அத்தனையும் தாண்டித்தான் வெளியே வரணும். ஜாவாவின் நெளிவு அடைப்புகளும் அப்படித்தான். ஒண்ணு மூடாம விட்டா ‘ரீச்ட் எண்ட் ஆஃப் ஃபைல்’ என்று எரர் கத்தும். இன்னொண்ணு, உள் அடைப்பில் பிறந்த வேரியபிள் வெளி அடைப்பில் செல்லாது. வேரியபிளுக்கு ‘மீதி’ன்னு தமிழிலேயே பேர் வைக்கலாம், ஜாவா ஏத்துக்கும். யூனிகோட் புண்ணியம்!

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1995-ல் ஜாவாவை வெளியிட்டதிலிருந்து அந்த நீள வரிதான் எல்லோருக்கும் முதல் பாடம். புதுசா வர்றவங்களுக்கு அது பாரம்னு ஜாவாவை உருவாக்குறவங்களே ஒத்துக்கிட்டு, 2025 செப்டம்பரில் வந்த ஜாவா 25-ல் அதை இறக்கி வச்சுட்டாங்க. இப்போ வெறும் ‘வாய்ட் மெயின்()’ போதும். கிளாஸ் வரிகூட வேண்டாம். தேவையான ஆப்ஜெக்டை ஜாவாவே உண்டாக்கிக்கும்.

ஆனா உஷார்! உங்க லேப் சிஸ்டத்தில் பழைய வெர்ஷன் இருந்தால் இந்தக் குட்டி மெயின் ஓடாது. செமஸ்டர் பேப்பரிலும் முழு வரியையே எழுதிடுங்க, இப்போதான் அதுக்கு அர்த்தம் தெரியுமே!