காப்பிக்கு எங்கே கூடுவது?

நல்ல நாள் பார்த்துக் கலியாணம் செய்கிறோம். நல்ல வேளை பார்த்துக் கிருகப் பிரவேசம் செய்கிறோம். ஆனால் பழைய சிநேகிதர்கள் நாலு பேர் கூடி ஒரு வாய் காப்பி குடிப்பதற்கு நல்ல இடம் பார்க்க வேண்டும் என்று மட்டும் நமக்குத் தோன்றுவதில்லை. கண்ணில் பட்ட கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்து விடுகிறோம். அப்படி நுழைந்ததனால் நாம் ஓர் அருமையான சிநேகிதரை இழந்துவிட இருந்தோம்.

கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் நால்வர். ஒருவர் பாங்கி உத்தியோகஸ்தர். ஒருவர் ஒரு கம்பெனியில் கணக்கர். மூன்றாமவர் ஜார்ஜ் டவுனில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். நாம் பள்ளிக்கூட வாத்தியார். மாதந்தோறும் இரண்டாவது சனிக்கிழமை சந்திப்பது வழக்கம். சென்ற வருஷம் ஒரு நாள் பாங்கி நண்பர், "இன்றைக்காவது கௌரவமான இடத்துக்குப் போவோம்" என்று சொல்லி, மவுண்ட் ரோடு பக்கத்தில் குளிர்சாதன வசதி செய்த காப்பிக் கடை ஒன்றுக்கு அழைத்துச் சென்றார்.

மெத்தை வைத்த நாற்காலிகள். காதுக்கு இதமான சங்கீதம். அங்கே காப்பிக்கு இருந்த பெயர்களைப் படித்து முடிப்பதற்குள்ளேயே பாதித் தாகம் தீர்ந்துவிட்டது. விலையைப் பார்த்ததும் மீதித் தாகமும் தீர்ந்தது! ஒரு காப்பி 280 ரூபாய். வரியும் சேர்த்து நால்வருக்கும் 1,176 ரூபாய். பில்லை நாலாகப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு வெளியே வந்தோம்.

அடுத்த மாதம் அச்சக நண்பர் வரவில்லை. கேட்டதற்கு, "வயிறு சரியில்லை" என்றார். அதற்கடுத்த மாதமும் வயிறு சரியில்லை. மூன்றாவது மாதமும் அப்படியே. பிறகு ஒரு நாள் தம்பு செட்டித் தெரு வழியாக நாம் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு சின்னக் கடை வாசலில் அவர் ஆனந்தமாகக் காப்பி ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தோம்.

"வயிறு எப்படி இருக்கிறது?" என்று கேட்டோம்.

அவர் சிரித்துவிட்டார். "வயிற்றுக்கு ஒன்றும் இல்லை, அப்பா! சட்டைப் பைக்குத்தான் சீக்கு. அந்த ஒரு காப்பியின் விலையில் எங்கள் வீட்டுக்குப் பத்து நாளைக்குப் பால் வாங்கலாம்."

"சொல்லியிருந்தால் நாங்கள் கொடுத்திருக்க மாட்டோமா?"

"ஒரு தடவை நீ கொடு, சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன். மாதா மாதம் நீங்களே கொடுத்துக்கொண்டிருந்தால், நான் உங்களுக்குச் சிநேகிதனா, விருந்தாளியா?"

இந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லை. அன்று மாலையே மற்ற இருவருக்கும் விஷயத்தைச் சொன்னோம். நால்வரும் அவரவர் பங்கைக் கூசாமல் கொடுக்கக்கூடிய இடத்தைக் கண்டுபிடிக்கிற வரையில் ஓய்வதில்லை என்று தீர்மானமாயிற்று.

தேட ஆரம்பித்த பிறகுதான், இதில் மூன்று அம்சங்கள் உண்டு என்பது தெரிந்தது: விலை, ஆசனம், அவகாசம். விலை மலிவாக இருந்தால் ஆசனம் இராது. ஆசனம் இருந்தால் அவகாசம் இராது. மூன்றும் இருந்தால், அது சிநேகிதர் வீட்டுத் திண்ணையாகத்தான் இருக்கும். அந்தத் திண்ணைகளையும் நாம் இடித்துக் கார் நிறுத்தும் இடமாக்கிவிட்டோம் அல்லவா?

முதலில் பாரிமுனைக்குப் போனோம். 1788-இல் வியாபாரம் தொடங்கிய தாமஸ் பாரியின் பெயரைத் தாங்கிய மூலை அது. வக்கீல் குமாஸ்தாக்களும், மூட்டை சுமப்பவர்களும், கடைச் சிப்பந்திகளும் நாள் முழுவதும் நடமாடும் இடமாகையால், பசிக்கு நியாயமான விலை அங்கே இன்னும் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு முதல் ஹைக்கோர்ட்டுக்கும் மண்ணடிக்கும் மெட்ரோ ரயில் ஓடுவதால் போய்ச் சேருவதும் சிரமமில்லை. பழைய சைனா பஜார் ரோடாகிய நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலையில், சீனா பாய் கடையின் நெய்யும் பொடியும் மணக்கும் ஊத்தப்பத்துக்காக மாலை வேளையில் கூட்டம் கூடுகிறது. பர்மா பஜார் பக்கத்துத் தெருக்களில், பர்மாவிலிருந்து 1960-களில் உடைமைகளை இழந்து திரும்பிய நம்மவர்கள் கொண்டு வந்த 'அத்தோ' கிடைக்கிறது. நூடுல்ஸும் முட்டைக்கோசும் வெங்காயமும் கையால் பிசைந்து கொடுக்கும் அந்தப் பண்டத்துக்குத் துணையாக, வாழைத்தண்டு போட்ட சூப்பும் உண்டு. ருசிக்கும் விலைக்கும் குறைவில்லை. ஆனால் இவையெல்லாம் நின்று சாப்பிட்டுவிட்டு நகரும் இடங்கள். பின்னால் காத்திருப்பவர் நம் தட்டையே பார்த்துக்கொண்டிருக்கும்போது, மகளின் கலியாண விஷயத்தை எப்படி விவரமாகப் பேசுவது?

மயிலாப்பூருக்குப் போனோம். மாட வீதியில் 1927 முதல் நடந்துவரும் காளத்தி கடையின் ரோஸ் மில்க், வெயிலுக்கு அமிர்தம்; அதையும் நின்றபடியேதான் குடிக்க வேண்டும். ராயர் மெஸ்ஸில் ஆசனம் உண்டு. ஆனால் கூடமோ சிறியது. வாசலில் காத்திருப்பவர்களோ அதிகம். அங்கே இலைக்கு முன்னால் அரட்டை அடிப்பது தர்மமாகாது. ஆகையால் வேறொரு யுக்தி செய்தோம். சாப்பிடுவதை ஓரிடத்திலும் பேசுவதை வேறோரிடத்திலும் வைத்துக்கொண்டோம். காப்பியை முடித்துக்கொண்டு லஸ் பக்கத்து நாகேஸ்வர ராவ் பூங்காவுக்கு நடந்தால், மர நிழலில் பெஞ்சுக்கு வாடகை கிடையாது.

நகரசபையார் 2013-இல் தொடங்கிய அம்மா உணவகத்துக்கும் ஒரு பகல் போனோம். சாம்பார் சாதம் 5 ரூபாய். தயிர் சாதம் 3 ரூபாய். நால்வரும் வயிறாரச் சாப்பிட்டது 32 ரூபாய்க்கு. உள்ளே நுழையும்போது, நம் மாணவர்கள் யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று நமக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது, உண்மையை மறைப்பானேன்? பக்கத்தில் நின்று சாப்பிட்ட ஆட்டோ ஓட்டுகிறவர், "சார், ஊறுகாய் வேணுமா?" என்று தம் பொட்டலத்தை நீட்டியதும் அந்தக் கூச்சம் போய்விட்டது.

கடைசியாகத் திருவல்லிக்கேணி. மான்ஷன்களில் தனியாக அறை எடுத்துத் தங்கும் உத்தியோகஸ்தர்களையும் மாணவர்களையும் நம்பிப் பிழைக்கும் மெஸ்கள் அங்கே ஏராளம். வட இந்தியாவிலிருந்து வந்த ஒருவர் 1948-இல் தொடங்கிய ரத்னா கபே, இட்லி மிதக்கும்படி சாம்பார் ஊற்றித் தமிழர்களின் மனத்தைக் கவர்ந்ததும் அந்தப் பேட்டையில்தான். காலை எட்டு மணிக்கும் பகல் ஒரு மணிக்கும் அங்குள்ள ஹோட்டல்களில் இடம் கிடைப்பது துர்லபம். ஆனால் பிற்பகல் மூன்று மணிக்குப் போய்ப் பாருங்கள்! சாப்பாட்டுக் கூட்டம் கலைந்திருக்கும். மாலைச் சிற்றுண்டிக் கூட்டம் வந்திராது. மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசினாலும் ஸர்வர் முகம் சுளிப்பதில்லை. விலையும் ஆசனமும் அவகாசமும் ஒன்று சேரும் முகூர்த்தம் அதுதான்.

அந்தப் பேட்டையில் உட்கார்ந்திருந்தபோது நமக்கு ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. ஒரு காலத்தில், கையில் காசு இருந்தாலும் காப்பி ஹோட்டலில் எல்லோரும் ஒன்றாக உட்கார முடியாது. பிராமணர்களுக்குத் தனி இடம். மற்றவர்களுக்கு வேறு இடம். ஆதி திராவிடர்களுக்கோ பல ஹோட்டல்களில் வாசற்படியே கிடையாது. கடைகளுக்குள்ளும் உணவு விடுதிகளுக்குள்ளும் நுழைய ஜாதி தடையாகாது என்று, 1950-இல் அமலுக்கு வந்த நமது அரசியல் சட்டத்தின் 15-ஆவது ஷரத்து விதித்தது. அதன் பிறகும், பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எதிர்த்து, 1957-இல் பெரியாரின் தொண்டர்கள் இதே திருவல்லிக்கேணியில் முரளி கபேயின் முன்னால் மறியல் செய்ய நேர்ந்தது. இவ்வளவு பாடுபட்டுத் திறந்த கதவை, இப்போது விலைப் பட்டியல் மெல்ல மெல்லச் சாத்துகிறதே என்பதுதான் நம் கவலை. ஜாதி தடுத்தபோது கோபித்துக்கொண்டு போராட முடிந்தது. விலை தடுக்கும்போது மனிதர், "வயிறு சரியில்லை" என்று சொல்லிவிட்டு வீட்டில் இருந்துவிடுகிறார்.

1957-ஆம் வருஷத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. காப்பி போர்டு நடத்திவந்த காப்பி ஹவுஸ்கள் மூடப்பட்டு வேலை இழந்த தொழிலாளிகள், ஏ. கே. கோபாலனின் யோசனைப்படி கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து, அவற்றைத் தாங்களே ஏற்று நடத்தத் தொடங்கினார்கள். அந்த 'இந்தியன் காப்பி ஹவுஸ்'களில் குறைந்த விலைக் காப்பியுடன் மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருக்கலாம் என்ற பெயர் கல்கத்தா முதல் கேரளம் வரையில் பரவியது. நமது நகரசபையாருக்கு ஒரு விண்ணப்பம்: அடுப்பும் பாத்திரமும் உணவகங்களில் ஏற்கெனவே இருக்கின்றன. பிற்பகலில் காப்பியும், நிழலில் நாலு பெஞ்சும் சேர்த்துவிட்டால் என்ன?

அதுவரையில் நேயர்களுக்கு இரண்டு குறிப்புகள். உட்காருவதற்கு முன் விலைப் பட்டியலைப் பாருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பில்லில் 'சர்வீஸ் சார்ஜ்' என்று தனியாகப் போட்டிருந்தால், அதைக் கட்டாயமாக வசூலிக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் விதித்ததையும், 2025 மார்ச் மாதம் டில்லி ஹைக்கோர்ட் அதை உறுதி செய்ததையும் மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள்.

சென்ற இரண்டாவது சனிக்கிழமை மூன்று மணிக்குத் திருவல்லிக்கேணியில் நால்வரும் கூடினோம். நாலு காப்பி, பொதுவில் இரண்டு பிளேட் வடை. பேச்சு நாலே கால் மணி வரையில் நடந்தது. பில் வந்ததும் அச்சக நண்பர் சட்டென்று அதை எடுத்துக்கொண்டு, "இன்றைக்கு என் முறை" என்றார். பாங்கி நண்பர் பழக்க தோஷத்தால் பையில் கையை விட்டார். நாம் மேஜைக்கு அடியில் அவருடைய காலை ஒரு மிதி மிதித்தோம்.

அடுத்த மாதம் நம் முறை.