துள்ளல் எப்படி ஒலிம்பிக் போட்டியானது?

சர்க்கஸில் பார் விளையாடுபவர்கள் ஆட்டம் முடிந்ததும் கீழே கட்டியிருக்கும் வலையில் குதிப்பார்கள். வலை அவர்களை ஒருமுறை மேலே தூக்கிப் போடும். பார்வையாளர்கள் கைதட்டிவிட்டு அடுத்த ஆட்டத்துக்குத் தயாராகிவிடுவார்கள். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஜிம்னாஸ்டிக்ஸ் பழகிக்கொண்டிருந்த ஜார்ஜ் நிசன் என்ற பையனுக்கு அந்தத் தூக்கல்தான் பிடித்துப்போனது. 1930இல், 16 வயதில், இரும்புச் சட்டம் ஒன்றில் கேன்வாஸ் துணியை இழுத்துக் கட்டினார். 1934இல் அயோவா பல்கலைக்கழகத்தில் லாரி கிரிஸ்வோல்டுடன் சேர்ந்து அதை மேம்படுத்தினார். டிராம்போலின் பிறந்தது அப்படித்தான்.

இரண்டாம் உலகப்போர் அதற்குப் பெரிய வாய்ப்பாக அமைந்தது. வானில் தலைகீழானாலும் திசை தடுமாறாமல் இருக்க, அமெரிக்க விமானிகளுக்கு டிராம்போலினில் பயிற்சி கொடுத்தார்கள். போர் முடிந்தபின் கல்லூரிகளில் போட்டிகள் நடக்கத் தொடங்கின. நிசன் பல நாடுகளுக்குச் சென்று துள்ளிக் காட்டினார். ஐரோப்பாவிலும் ஆர்வலர்கள் பெருகினார்கள்.

ஆனால் நாட்டுக்கு நாடு விதி மாறினால் யார் சிறந்தவர் என்று சொல்ல முடியாது. அதற்குப் பொதுவான ஓர் அமைப்பு வேண்டும். 1964இல் சர்வதேச டிராம்போலின் கூட்டமைப்பு உருவானது. அதே ஆண்டு லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் முதல் உலகப்போட்டி நடந்தது. ஆண்கள், பெண்கள் என இரு பட்டங்களையும் அமெரிக்கர்களே வென்றார்கள்.

உலகப்போட்டி வந்துவிட்டாலும் ஒலிம்பிக் கதவு திறக்க மேலும் 36 ஆண்டுகள் ஆயின. கடைசியில் கூட்டமைப்பு தன் தனி அடையாளத்தை விட்டுக்கொடுத்து, 1999 முதல் சர்வதேச ஜிம்னாஸ்டிக்ஸ் கூட்டமைப்பில் இணைந்தது. ஒலிம்பிக்கில் ஏற்கெனவே வேரூன்றிய ஜிம்னாஸ்டிக்ஸின் ஒரு பிரிவாக 2000 சிட்னி ஒலிம்பிக்கில் டிராம்போலின் அறிமுகமானது. ரஷ்யாவின் இரினா கரவாயேவாவும் அலெக்சாண்டர் மொஸ்கலென்கோவும் முதல் தங்கங்களை வென்றார்கள். அப்போது 86 வயதாகியிருந்த நிசனும் அங்கே இருந்தார்.

மதிப்பெண் எப்படி? ஒருவர் இடைவிடாமல் 10 சாகசங்கள் செய்ய வேண்டும். குட்டிக்கரணத்தின் ஒவ்வொரு கால் சுற்றுக்கும், உடலைத் திருகும் ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் 0.1 என்று கடினத்தன்மை கணக்காகும். செய்ததையே மறுபடி செய்தால் அதற்குக் கடினத்தன்மை மதிப்பெண் கிடையாது. கால் நீட்டம், உடல் நேர்த்தி போன்றவற்றில் பிழை இருந்தால் நடுவர்கள் மதிப்பெண்ணைக் குறைப்பார்கள். இதுவரை எல்லாம் ஜிம்னாஸ்டிக்ஸின் பழைய வழிதான்.

உயரத்தை மட்டும் கண்ணால் மதிப்பிட முடியவில்லை. அதனால் காற்றில் இருக்கும் நேரத்தையே அளக்கத் தொடங்கினார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இந்த விதி வந்தது: ஒரு விநாடிக்கு ஒரு மதிப்பெண். நடுப்புள்ளியை விட்டு எவ்வளவு விலகி இறங்குகிறார் என்பதும் பிறகு கணக்கில் சேர்ந்தது. ஆகவே அதிக உயரம் போனால் மட்டும் போதாது. அந்த உயரத்திலிருந்து நடுவிலேயே வந்து இறங்கவும் தெரிந்திருக்க வேண்டும்.