கர்ப்ப வரிகளும் மனோவேதனையும்

கர்ப்பம் ஆறேழு மாதங்களைக் கடந்து, வளைகாப்புக்கு நாள் பார்க்கும் சமயத்தில், அநேக ஸ்திரீகளின் அடிவயிற்றிலும் இடுப்பிலும் தொடையிலும் மார்பிலும் சிவந்தோ கருமை படர்ந்தோ சில கோடுகள் தோன்றி, பிரசவத்துக்குப் பின் மாதக் கணக்கில் மெல்ல வெளிறி, மங்கிய தழும்புகளாகச் சரீரத்தில் நிலைத்துவிடுகின்றன. கர்ப்பிணிகளில் 100-க்கு 50 முதல் 90 பேருக்கு இவை உண்டாவதாக ஆராய்ச்சிகள் கூறுகின்றன. தாயின் உயிருக்கோ சிசுவின் க்ஷேமத்துக்கோ இவற்றால் அபாயம் ஏதுமில்லை. ஆகையினாலேயே, இவற்றைத் தாங்குகிறவளின் மனம் படும் பாட்டை விசாரிப்பாரும் அரியராயினர்.

புடைவை, இடையைச் சிறிது திறந்தே வைக்கும் உடை. நேற்றுவரை அதைப் பற்றி நினையாதிருந்தவள், இன்று கோயில் பிராகாரத்திலும் கல்யாணப் பந்தலிலும் ஓயாமல் முந்தானையை இழுத்து மூடிக்கொள்வதும், கட்டிய கணவனிடத்திலேயே சங்கோசம் கொண்டு விலகி நிற்பதும், அழகின்மேல் கொண்ட அற்ப ஆசையென்று தள்ளிவிடத்தக்கவையல்ல. இத்தனை வருஷம் தன்னுடையதாய் அறிந்திருந்த தேகம் சில வாரங்களுக்குள் அந்நியமாகிவிட்ட திகைப்பு அது. வாய்விட்டுச் சொன்னாலோ, "பிள்ளை நல்லபடியாய்ப் பிறந்ததே, இதற்குமா அழுகை?" என்ற பதில் ஆயத்தமாக இருக்கிறது. அப்படிச் சொல்லும் மாமியாரோ அத்தையோ அன்பில் குறைந்தவர்களல்லர். எனினும் அச்சொல்லைக் கேட்டபின், தழும்புக்காக வெட்கப்பட்டவள், வெட்கப்பட்டதற்காகவும் தன்னையே நொந்துகொள்ளத் தொடங்குகிறாள்.

இதனினும் கொடியது பழி. "சொறியாதே, கோடு விழும் என்று படித்துப் படித்துச் சொன்னேனே", "ஒழுங்காய் எண்ணெய் தடவியிருந்தால் வந்திருக்குமா?" என்னும் பேச்சுகள், இயற்கையின் செயலை அவளுடைய அஜாக்கிரதையாக்கிவிடுகின்றன. விஞ்ஞானம் அவ்வாறு கூறவில்லை. மேல்தோலுக்கு அடியிலுள்ள உட்தோலில் கொலாஜன், எலாஸ்டின் என்னும் நார்கள் பின்னிக் கிடந்து சருமத்துக்கு உறுதியும் நெகிழ்ச்சியும் தருகின்றன. வயிறு பெருக்கும் வேகத்தோடு கர்ப்பகால ஹார்மோன்களின் செயலும் சேர்ந்து அந்நார்களின் அமைப்பைக் குலைப்பதனால் இக்கோடுகள் விழுகின்றன என்பதே அறிஞர்களின் அபிப்பிராயம். தாய்க்கு இருந்தால் மகளுக்கும் வருவது மிகுதி. இளவயதில் கருவுற்றவர்களுக்கும், எடை மிகுந்த சிசுவைச் சுமப்பவர்களுக்கும் அப்படியே. நகம் பட்டு இவை உண்டாவதில்லை. (ஆனால் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும், விசேஷமாக இரவில், கடும் அரிப்பு எடுத்தால் அது ஈரல் கோளாற்றின் அறிகுறியாகலாம், தாமதமின்றி வைத்தியரிடம் சொல்லவேண்டும்.) 800 ஸ்திரீகள் பங்குகொண்ட 6 பரிசோதனைகளைத் தொகுத்துக் காக்ரேன் ஸ்தாபனம் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், எந்தத் தைலமோ களிம்போ இவற்றைத் தடுக்கும் என்பதற்கு உயர்தரமான சான்று அகப்படவில்லை. எண்ணெய் தடவினால் தோலுக்கு இதமாயிருக்கும், தடவலாம்; தடவாதவள்மேல் குற்றமில்லை.

இத்தகைய வேதனையை வினவி அறிவது வைத்தியத்துக்குப் புதிதன்று. சரும நோயாளியின் வாழ்க்கை எவ்வளவு பாதிக்கப்படுகிறது என்றறிய, கார்டிஃப் நகர வைத்தியர்கள் 1994-இல் 10 வினாக்கள் கொண்ட பட்டியல் ஒன்றை வகுத்தார்கள். கூச்சம், உடை, தாம்பத்தியம் எல்லாவற்றையும் அது வினவுகிறது. பிரசவித்தவளின் மனச்சோர்வை அளக்க 1987-இல் வெளியாகி, உலகெங்கும் வழங்கும் எடின்பரோ வினாப்பட்டியலிலும் 10 வினாக்களே உள்ளன. துக்கம், பயம், தூக்கம், அழுகை யாவும் அதில் உண்டு, தன் உடலைப் பற்றி அவள் என்ன நினைக்கிறாள் என்ற கேள்வி மாத்திரம் இல்லை. பிரசவத்துக்குப் பின் தாய்மாரைப் பரிசோதிக்கும் வைத்தியர்களும் கிராமச் செவிலியரும் அந்த ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்பார்களாக. வீட்டிலுள்ளோர் பழி சொல்வதை நிறுத்தட்டும். அவளுடைய சோர்வு இரண்டு வாரங்களுக்கு மேலும் நீடித்தால், "எல்லாம் சரியாய்ப் போகும்" என்று காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லட்டும்.