இயற்பியல் அடிப்படை அறிவுச் சோதனையில் தவறான விடைகளின் இடம்

கணக்கைச் சரியாகச் செய்யும் மாணவர் கருத்தையும் உணர்ந்தவர் என்பது தேர்வுமுறையின் பொதுவான நம்பிக்கை. அமெரிக்காவில் டேவிட் ஹெஸ்டெனஸ் முதலியோர் 1992இல் வெளியிட்ட விசைக் கருத்து வினாத்தொகுப்பு இதனை அசைத்தது. அதில் கணக்கீடே இல்லை. ஒரே அளவும் இருமடங்கு எடை வேறுபாடும் கொண்ட இரு உலோகக் குண்டுகளை ஒருங்கே விட்டால் எது முன்னர்த் தரையை அடையும் என்பது போன்ற வினாக்களே உள்ளன. ஏறத்தாழ ஒரே நேரத்தில் என்பது விடை. எனினும் தொகுப்பின் வலிமை தவறான விடைகளிலேயே உள்ளது. அவை மாணவர் இயல்பாகக் கொண்டுள்ள எண்ணங்களிலிருந்து திரட்டப்பட்டவை. இத்தகைய சோதனைகளைக் கொண்டு ரிச்சர்டு ஹேக் 1998இல் 6,000க்கும் மேற்பட்ட மாணவரை ஆராய்ந்தார். மரபான விரிவுரை வகுப்பினர், எட்டக்கூடிய முன்னேற்றத்தில் சராசரியாக 23 விழுக்காட்டையே எட்டினர். கலந்துரையாடிக் கற்றவர் 48 விழுக்காட்டை எட்டினர்.

இவ்வகைச் சோதனையைத் தமிழில் அமைக்க மொழிபெயர்ப்பு மட்டும் போதாது. நிலவில் பொருளின் எடை குறையுமா என்னும் வினாவிற்கு, ஒரு கிலோ அரிசி எங்கும் ஒரு கிலோதான் என மாணவர் விடையளிக்கலாம். கடைவழக்கில் எடை கிலோவில் அளக்கப்படுகிறது; பாடநூலிலோ கிலோகிராம் நிறைக்கும் நியூட்டன் எடைக்கும் உரியன. அம்மாணவர் நிறையைப் பற்றிச் சரியாகவே கூறியுள்ளார், மதிப்பெண்ணோ சுழியம்.