லினக்சில் மாற்றுப்பொதி மேலாளர்கள்

மாற்றுப்பொதி மேலாளர் என்பது, கணினி விளையாட்டு ஒன்றுக்கு அதன் பயனர்கள் உருவாக்கி வெளியிடும் மாற்றங்களை நிறுவவும், வரிசைப்படுத்தவும், வேண்டாதபோது சுவடின்றி நீக்கவும் உதவும் மென்பொருள் ஆகும். இம்மாற்றங்கள் ஆட்டக்காரர்களிடையே மாட் என்றே வழங்கப்படுகின்றன. ஆனால் அச்சொல்லோடு வேற்றுமை உருபு சேர்ந்தால் "மாட்டை நீக்குதல்" என்று கால்நடையாகிவிடும் என்பதால், இக்கட்டுரையில் மாற்றுப்பொதி என்னும் சொல் ஆளப்படுகின்றது. புதிய வண்டி, புதிய நிலப்படம், வேறு வண்ணப்பூச்சு என்பன முதல் ஆட்டத்தின் விதிகளையே திருத்தும் நிரல் வரை எதுவும் மாற்றுப்பொதியாக அமையலாம்.

புகழ்பெற்ற மேலாளர்களுள் பல விண்டோஸ் இயங்குதளத்தை மனதிற்கொண்டு எழுதப்பட்டவை. லினக்சில் ஏற்படும் இடர்ப்பாடுகளுள் பெரும்பகுதி மாற்றுப்பொதியால் விளைபவை அல்ல. கோப்புகள் எவ்வாறு பெயரிடப்படும், எங்கே இருக்கும் என்பது பற்றி மேலாளர் கொண்டுள்ள விண்டோஸ் அனுமானங்களால் விளைபவை. இதனை அறிந்துகொண்டால் பிழை எங்கே இருக்கும் என்று தேடுவது எளிதாகும்.

தேவை

மேலாளர் இன்றியும் மாற்றுப்பொதியை நிறுவலாம். பொதியைத் திறந்து, அதிலுள்ள கோப்புகளை ஆட்டத்தின் அடைவில் உள்ள கோப்புகளின் மேல் எழுதிவிட்டால் போதும். பின்னர் அதனை நீக்க விரும்பும்போதுதான் சிக்கல் தொடங்குகின்றது. மேலெழுதப்பட்ட மூலக்கோப்பு அழிந்துவிட்டது. எந்தக் கோப்பு எந்தப் பொதியிலிருந்து வந்தது என்பதற்கும் பதிவு இல்லை. முடிவில் ஆட்டம் முழுவதையும் மீண்டும் தரவிறக்க வேண்டியதாகின்றது. கைபேசியின் நாளளவு இணையத்தைக் கணினியோடு பகிர்ந்து பயன்படுத்தும் மாணவருக்குப் பல கிகாபைட்டு அளவிலான மறுதரவிறக்கம் சிறிய இழப்பு அன்று.

லினக்ஸ் பயனருக்கு இக்கருத்து புதியதும் அன்று. டெபியன் போன்ற வழங்கல்களின் பொதி மேலாளர், நிறுவப்பட்ட ஒவ்வொரு கோப்பும் எப்பொதிக்கு உரியது என்று பதிந்து வைத்துக்கொள்கின்றது. அதே ஒழுங்கை விளையாட்டுக்குக் கொண்டுவருவதே மாற்றுப்பொதி மேலாளரின் பணி.

இயங்கும் முறைகள்

மூல அடைவைக் கெடுக்காமல் மாற்றத்தைப் புகுத்த மூன்று வழிகள் வழக்கில் உள்ளன. முதலாவது இணைப்பு முறை. வோர்டெக்ஸ் என்னும் மேலாளர் பொதிகளைத் தனி அடைவில் வைத்து, அவற்றின் கோப்புகளுக்கு ஆட்டத்தின் அடைவில் வன்னிணைப்பு உண்டாக்குகின்றது. வன்னிணைப்பு ஒரே வட்டுப் பகிர்வுக்குள் மட்டுமே இயலும் என்பதால், பொதிகள் ஒரு பகிர்விலும் ஆட்டம் மற்றொன்றிலும் இருந்தால் இம்முறை பயன்படாது. இரண்டாவது மெய்நிகர் கோப்பு முறைமை. மாட் ஆர்கனைசர் 2, ஆட்டம் ஒரு கோப்பைத் திறக்கும்படி இயங்குதளத்தைக் கேட்கும் அழைப்பை இடைமறித்து, மாற்றுப்பொதியில் உள்ள கோப்பைத் தருகின்றது. ஆட்டத்தின் அடைவில் ஒன்றுமே சேர்வதில்லை. ஆனால் ஆட்டத்தை அம்மேலாளரின் உள்ளிருந்தே தொடங்க வேண்டும். தனியே தொடங்கினால் மாற்றங்கள் எவையும் தோன்றா. "நிறுவினேன், ஒன்றும் மாறவில்லை" என்னும் முறையீட்டுக்கு இது ஒரு பொதுவான காரணம்.

மூன்றாவது வழி, ஆட்டமே தனக்குள் மேலாளரைக் கொண்டிருப்பது. இதுவே மிகவும் தொல்லையற்றது. தமிழ்நாட்டு ஆட்டக்காரர்களுக்கு நெருக்கமான எடுத்துக்காட்டும் இவ்வகையிலேயே உள்ளது.

தமிழ்நாட்டுப் பேருந்துகளும் யூரோ டிரக் சிமுலேட்டர் 2 ஆட்டமும்

செக் குடியரசின் எஸ்சிஎஸ் சாப்ட்வேர் நிறுவனம் 2012ஆம் ஆண்டு வெளியிட்ட யூரோ டிரக் சிமுலேட்டர் 2, ஐரோப்பியச் சாலைகளில் சரக்கு வண்டி ஓட்டும் ஆட்டம் ஆகும். இதற்கு 2013 முதல் லினக்ஸ் பதிப்பும் உண்டு. தமிழ்நாட்டு அரசுப் போக்குவரத்துக் கழகப் பேருந்துகளையும் தனியார் பேருந்துகளையும் உருவாக்கி இந்த ஆட்டத்தில் ஓட்டும் ஆர்வலர்கள் தமிழ்நாட்டில் உள்ளனர். கைபேசியில் இதே ஆர்வம் பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா என்னும் ஆட்டத்தைச் சுற்றி வளர்ந்தது.

இந்த ஆட்டத்தின் மாற்றுப்பொதி எஸ்சிஎஸ் என்னும் பின்னொட்டுக் கொண்ட ஒற்றைக் கோப்பு. லினக்சில் அதனை முகப்பு அடைவில் உள்ள லோக்கல் அடைவு, அதனுள் ஷேர், அதனுள் ஆட்டத்தின் பெயர் கொண்ட அடைவு, அதனுள் மாட் அடைவு என்ற இடத்தில் வைக்க வேண்டும். லோக்கல் அடைவின் பெயர் புள்ளியில் தொடங்குவதால் கோப்பு மேலாளியில் மறைந்திருக்கும். பல கோப்பு மேலாளிகளில் கண்ட்ரோல், எச் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் தெரியும். பின்னர் ஆட்டத்தின் உள்ளே இருக்கும் மேலாளரில் அப்பொதியைச் செயற்படுத்தலாம்.

ஒரு பேருந்து பெரும்பாலும் ஒரே பொதியாக முடிவதில்லை. சென்னையிலிருந்து காவேரிப்பாக்கம், வாலாசாப்பேட்டை, வேலூர், ஆம்பூர் வழியாகப் பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலைப் பேருந்து ஒன்றை ஒருவர் உருவாக்குவதாகக் கொள்வோம். பேருந்தின் உருவம் ஒரு பொதி. அதன் வண்ணப்பூச்சும் ஊர்ப்பெயர்ப் பலகையும் மற்றொரு பொதி. ஒலிப்பானின் ஓசை மூன்றாவது. வண்ணப்பூச்சு, உருவப் பொதியில் உள்ள அதே பெயர்கொண்ட படக்கோப்பை மாற்றீடு செய்ய வேண்டும். இந்த ஆட்டத்தில் பட்டியலில் மேலே இருக்கும் பொதியே வெல்லும் என்பதால் வண்ணப்பூச்சு உருவத்துக்கு மேலே இருத்தல் வேண்டும். ஸ்கைரிம் போன்ற ஆட்டங்களில் இது நேர்மாறானது: பின்னால் ஏற்றப்படுவது முன்னதை வெல்லும். ஒன்றில் பழகியவர் மற்றொன்றில் தடுமாறுவது இயல்பே.

ஊர்ப்பெயர்ப் பலகையில் தமிழ் எழுதுவதில் ஒரு வசதி உண்டு. பல ஆட்டப்பொறிகள் தமிழ் எழுத்துருக்களைச் சரியாகக் கோப்பதில்லை. கொம்பும் காலும் இடம்மாறி நிற்கும். ஆனால் பலகையில் இருப்பது எழுத்து அன்று, படம். கிம்ப் போன்ற கட்டற்ற மென்பொருளில் தமிழில் எழுதி, டிடிஎஸ் வகைப் படமாகச் சேமித்துவிட்டால், தமிழே அறியாத ஆட்டப்பொறியும் "காவேரிப்பாக்கம்" என்று பிழையின்றிக் காட்டும்.

செயற்படுத்திய பொதிகளின் பட்டியல் ஒவ்வோர் ஆட்டக்காரர் விவரக்குறிப்பிலும் தனித்தனியே சேமிக்கப்படுகின்றது. ஆகவே புதிய பொதியைச் சோதிக்கத் தனி விவரக்குறிப்பு ஒன்றை வைத்துக்கொள்வது நல்லது. பல மாதங்கள் ஆடிய சேமிப்பு அதனால் பாதிக்கப்படாது. ஆட்டம் தொடங்கும்போதே நின்றுவிட்டால், மாட் அடைவுக்கு வெளியே உள்ள குறிப்பேட்டுக் கோப்பில் பிழை எனக் குறிக்கப்பட்ட வரிகளைப் பார்த்தால் குற்றவாளிப் பொதியின் பெயர் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

வைன் வழி இயங்கும் ஆட்டங்கள்

லினக்ஸ் பதிப்பு இல்லாத ஆட்டங்கள் வைன் என்னும் இடைநிலை மென்பொருளால் இயக்கப்படுகின்றன. 1993இல் தொடங்கிய இத்திட்டத்தை அடிப்படையாகக் கொண்டு வால்வ் நிறுவனம் 2018இல் புரோட்டான் என்பதனை வெளியிட்டது. வைன், ஆட்டத்துக்கு ஒரு பொய்யான சி வட்டினை உருவாக்கித் தருகின்றது. ஸ்டீம் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அதன் எண்ணின் பெயரில் இத்தகைய தனி அடைவை வைத்திருக்கும். ஸ்கைரிம் சிறப்புப் பதிப்பின் எண் 489830. விண்டோசுக்கான மேலாளரும் இதே அடைவுக்குள் இயங்கினால்தான் ஆட்டத்தின் அமைப்புக் கோப்புகளைக் காணும். வேறோர் அடைவில் நிறுவினால், ஒரே வீட்டின் இரு அறைகளில் இருந்துகொண்டு ஒருவரையொருவர் தேடுவது போலாகும்.

அடுத்தது எழுத்து வடிவச் சிக்கல். விண்டோஸ், கோப்புப் பெயரில் உள்ள ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகவே கருதுகின்றது; லினக்ஸ் அவ்வாறு கருதுவதில்லை. ஒரு பொதியில் அடைவின் பெயர் பெரிய எழுத்திலும் மற்றொன்றில் சிறிய எழுத்திலும் தொடங்கினால், லினக்ஸ் கருவிகளால் அவற்றை நகலெடுக்கும்போது ஒரே பெயர் கொண்டவை போன்ற இரண்டு அடைவுகள் உண்டாகிவிடும். வைன் இவற்றுள் ஒன்றை மட்டுமே கண்டு மற்றதை விட்டுவிடலாம். பாதிப் பொருள்கள் மட்டும் வண்ணமிழந்து தோன்றினால் முதலில் ஐயுற வேண்டியது இதனையே. 2019இல் வெளிவந்த லினக்ஸ் கரு 5.2, எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் குறிப்பிட்ட அடைவுக்கு மட்டும் இவ்வேறுபாட்டை நீக்கும் வசதியை அறிமுகப்படுத்தியது. அவ்வமைப்பை வெற்று அடைவுக்கே இட முடியும் என்பதால் ஆட்டத்தை நிறுவும் முன்னரே திட்டமிடுதல் வேண்டும்.

சில மாற்றுப்பொதிகள், ஆட்டத்தின் அடைவில் தமது டிஎல்எல் நிரலகம் ஒன்றை வைத்து அதன் வழியே நுழைகின்றன. யூனிட்டி பொறியில் அமைந்த ஆட்டங்களுக்கான பெப்இன்எக்ஸ், வின்எச்டிடிபி என்ற பெயரில் இவ்வாறு செய்கின்றது. அதே பெயரில் வைனிடம் சொந்த நிரலகம் இருப்பதால் அது தன்னுடையதையே எடுத்துக்கொள்ளும். ஆட்டத்தின் அடைவில் உள்ளதற்கு முன்னுரிமை தருமாறு வைன் அமைப்பில் குறிப்பிட்டால் போதும். பல மணிநேரம் தேட வைக்கும் இப்பிழைக்குத் தீர்வு ஒற்றை வரியே.

இருவழித் துவக்கம் கொண்ட கணினிகள்

2011இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்கக் கணினிகளில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் நிறுவப்பட்டிருந்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ், சென்னையில் உள்ள சி-டாக் மையத்தில் உருவாக்கப்பட்டது. இத்தகைய இருவழிக் கணினியில், விண்டோசின் என்டிஎஃப்எஸ் பகிர்வில் உள்ள ஆட்டத்தை லினக்சிலிருந்தும் இயக்க விரும்புவது இயற்கை. ஆனால் வைனின் அடைவை அப்பகிர்வில் வைத்தல் கூடாது. வட்டுகளைக் குறிக்க வைன் உண்டாக்கும் இணைப்புகளின் பெயரில் முக்காற்புள்ளி உள்ளது; விண்டோஸ் கோப்புப் பெயரில் அதற்கு இடமில்லை. ஆட்டத்தின் கோப்புகள் அங்கிருந்தாலும் வைனின் அடைவு லினக்ஸ் பகிர்வில் இருத்தல் வேண்டும்.

லினக்சிலேயே இயங்கும் மேலாளர்கள்

கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் ஆட்டத்துக்கான சிகேஏஎன் 2014 முதல் உள்ளது. பெர்ல் மொழியின் பொதிக் களஞ்சியத்தைப் பின்பற்றிப் பெயரிடப்பட்ட இது, ஒரு பொதிக்குத் தேவையான பிற பொதிகளையும் தானே தேடி நிறுவும்; லினக்ஸ் பொதி மேலாளருக்கு மிக அண்மையில் நிற்பது இதுவே. மைன்கிராஃப்ட் ஆட்டத்துக்கு 2022இல் தோன்றிய பிரிசம் லாஞ்சர், ஒவ்வொரு பொதித் தொகுப்புக்கும் ஆட்டத்தின் தனி அமைப்பை வைத்துக்கொள்கின்றது. பெப்இன்எக்ஸ் வகைப் பொதிகளுக்கு ஆர்2மாட்மேன் பயன்படுகின்றது. மோரோவிண்ட் ஆட்டத்தின் கட்டற்ற மறுவாக்கமான ஓப்பன்எம்டபிள்யூ, பொதிகள் இருக்கும் அடைவுகளின் பட்டியலைப் படித்துக்கொள்வதோடு சரி, எதையும் நகலெடுப்பதில்லை. பெரிய, சிறிய எழுத்துச் சிக்கலையும் அதுவே தீர்த்துக்கொள்ளும். கட்டற்ற ஆட்டமான 0 ஏ.டி., 2018 முதல் தன்னுள்ளிருந்தே பொதிகளைத் தரவிறக்கும் வசதி கொண்டது.

பாதுகாப்பு

நிரல் அடங்கிய மாற்றுப்பொதி, பயனரின் எல்லா உரிமைகளோடும் இயங்கக்கூடியது. லினக்ஸ் என்பதால் தீங்கு நேராது என்னும் எண்ணம் தவறு. 2023 சூன் மாதம் பிராக்சரைசர் எனப் பெயரிடப்பட்ட தீநிரல், கர்ஸ்ஃபோர்ஜ், புக்கிட் தளங்களில் இருந்த சில மைன்கிராஃப்ட் பொதிகளின் வழியே பரவியது. அது விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் தாக்கும்படி எழுதப்பட்டிருந்தது. லினக்சில் சிஸ்டம்டி சேவையாகத் தன்னை நிறுவிக்கொண்டு ஒவ்வொரு துவக்கத்திலும் இயங்க முயன்றது.

வைன் ஒரு பாதுகாப்பு அரணும் அன்று. இயல்பான அமைப்பில் அது லினக்சின் கோப்பு முறைமை முழுவதையும் இசட் வட்டாக ஆட்டத்துக்குக் காட்டுகின்றது. எனவே விண்டோசுக்கு எழுதப்பட்ட பொதியும் முகப்பு அடைவில் உள்ள ஆவணங்களைப் படிக்க இயலும். வைன் அமைப்பில் அவ்வட்டை நீக்குவது ஓரளவே உதவும். விளையாட்டுகளுக்கெனத் தனிப் பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி, பிற கணக்குகளின் முகப்பு அடைவுகளைப் படிக்க அதற்கு அனுமதி இல்லாதவாறு வைத்தல், பல்பயனர் இயங்குதளமான லினக்சில் கூடுதல் மென்பொருள் எதுவுமின்றிச் செய்யக்கூடியதாகும்.