காட்டின் எல்லையும் காணியின் எல்லையும்

வர்த்தமானியில் காட்டுக்கு எல்லை கீறும்போது, அதனுள் யாருடைய வீட்டு அத்திவாரம் கிடக்கிறதென்று பார்ப்பவர் யார்? மன்னார் மாவட்டத்தின் முசலிப் பிரிவில் நடந்தவை இக்கேள்வியை எம்முன் வைக்கின்றன.

1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம் மக்களை வெளியேற்றினர். மரிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி மக்கள் புத்தளம் பக்கம் தஞ்சமடைந்தனர். வயலையும் வளவையும் பற்றை மூடியது, பற்றை காடாயிற்று. 2009இல் போர் முடிந்து மக்கள் திரும்பத் தொடங்கினர். 1990இல் ஒரு குடும்பமாகப் போனவர்கள் பிள்ளைகள் மணமுடித்து மூன்று நான்கு குடும்பங்களாக வந்தார்கள். பழைய வளவு போதவில்லை. 2012இல் அப்பகுதியின் நிலங்கள் ஒதுக்கப்பட்ட காடுகளாக அறிவிக்கப்பட்டன. தமது பழைய காணிகளும் இதற்குள் அகப்பட்டன என்பது மக்களின் முறைப்பாடு.

வில்பத்துவுக்கு வடக்கே காடு வெட்டி வீடு கட்டுவதைச் சூழல் அமைப்புகள் கடுமையாக எதிர்த்து, நீதிமன்றம் சென்றன. 2017 மார்ச்சில் 40,000 ஹெக்டேயருக்கு மேற்பட்ட நிலம் மாவில்லு பேணற்காடாக அறிவிக்கப்பட்டபோது, மரிச்சுக்கட்டி மக்கள் தொடர் போராட்டம் நடத்தினர். 2020 நவம்பர் 16இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், மீள்குடியேற்றத்துக்காகக் காடழித்தது சட்டவிரோதமெனத் தீர்ப்பளித்து, அதற்கு ஈடான பரப்பில் மரம் நடும்படியும் செலவை முன்னாள் அமைச்சர் ஒருவர் ஏற்கும்படியும் பணித்தது.

எதிர்த்தவர்களின் வாதத்தில் நியாயம் உண்டு. காடில்லையேல் குளத்துக்கு நீர் வராது. யானை வயலுக்கு வரும். இது விவசாயிக்குப் புதிய பாடமல்ல. ஆனால் துப்பாக்கி முனையில் ஊரைவிட்டுப் போனவனின் காணி, அவன் இல்லாத காலத்தில் மரம் முளைத்ததால் யாருமற்ற காணி ஆகிவிடுமா? முள்ளிக்குளத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் 2007இல் வெளியேற்றப்பட்டபின் அங்கே கடற்படை முகாம் அமைந்தது. மதம் வேறு, வெளியேற்றியவர் வேறு. காணி இழந்தவனின் துயர் ஒன்றே. நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை அரசன் பறித்த கதையை நாம் அறிவோம்.

ஆகவே, திரும்பிச் செல்லக் காத்திருக்கும் குடும்பங்கள் செய்யவேண்டியவை சில:

1. உறுதி, அனுமதிப்பத்திரம், பழைய வாக்காளர் இடாப்பு, பாடசாலைப் பதிவு, திருமுழுக்கு அல்லது திருமணப் பதிவு ஆகியவற்றின் பிரதிகளைத் திரட்டி வையுங்கள்.

2. கிணறு, குளக்கட்டு, ஆலயம், பள்ளிவாசல், மயானம் ஆகியவற்றின் இடங்களை, முதியோர் உயிரோடிருக்கும்போதே கிராமப் படமாகக் கீறுங்கள்.

3. தனித்தனியே மனுக் கொடுக்காது, கிராமமாகச் சேர்ந்து பிரதேச செயலகத்திடம் கூட்டு அளவையைக் கோருங்கள். அளவையாளரோடு வனபரிபாலனத் திணைக்களத்தினரும் ஊர்ப் பெரியவர்களும் ஒன்றாகக் காட்டுக்குள் நடக்கவேண்டும்.

4. பழைய ஊரெல்லைக்கு அப்பால் ஒரு மரத்தையும் வெட்டாதீர்கள். எல்லை கடந்து வெட்டும் ஒருவர், ஊர் முழுவதன் உரிமையையும் சந்தேகத்துக்கு உள்ளாக்குகிறார். பெருகிய குடும்பங்களுக்கு வேறு அரச காணியைக் கேட்பதே நேர்வழி.

காட்டின் எல்லையும் காணியின் எல்லையும் ஒரே நாளில், மக்கள் முன்னிலையில் கீறப்படட்டும். அதற்கு முதலில் மக்கள் ஒன்றுசேர வேண்டும்.